வெங்காயத் தோலில் உட்கருவைப் பார்ப்பது எப்படி?

மெய்யுட்கரு செல்லைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: சவ்வு போர்த்திய உண்மையான உட்கரு உள்ள செல். சிவப்பான பெரிய வெங்காயம், அயோடின் கரைசல், ஸ்லைடு, கவர் ஸ்லிப், 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி போதும்.

படி 1: வெங்காயத்தை நான்காக வெட்டி ஓர் இதழை எடுங்கள். அதன் குழிந்த பக்கத்தில் நிறமில்லாத மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். நகத்தால் கிளப்பி, நகம் அளவுக்கு உரித்தால் போதும்.

படி 2: ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தோலைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கவர் ஸ்லிப்பைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்குங்கள். தொப்பென்று போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு தெரிந்த காற்றுக்குமிழியை உட்கரு என்று நம்பி ரெக்கார்டு நோட்டில் வரைந்தவன் நான்.

படி 3: முதலில் 100 மடங்கில் குவியப்படுத்திவிட்டு 400-க்குப் போங்கள். நீள அறை ஒவ்வொன்றும் ஒரு செல்; அதில் பழுப்பு மஞ்சளாக ஒரு பொட்டு. டிஎன்ஏ இருக்கும் உட்கரு அதுதான். 1831-ல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செல்களில் பார்த்துப் பெயர் வைத்ததும் இதற்குத்தான். பொட்டு பெரும்பாலும் ஓரமாகவே ஒதுங்கியிருக்கும். நடு இடத்தைச் சாறு நிரம்பிய நுண்குமிழ் பிடித்துக்கொள்வதால், சைட்டோபிளாசமும் (செல்லுக்குள் இருக்கும் கூழ்) உட்கருவும் சுவரோரம் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன.

படி 4: செல்சவ்வு சுவரோடு ஒட்டியிருப்பதால் தனியே தெரியாது. அதைப் பிரிக்க, இதழின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து, அயோடின் இல்லாமல் தண்ணீரில் வையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் நல்ல உப்புத் தண்ணீர் விட்டு, மறு ஓரத்தில் டிஷ்யூ பேப்பரால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதாப் பை சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். தண்ணீர் வெளியேற, சவ்வும் உள்ளே இழுபடுகிறது. சுவர் அசையாமல் நிற்கும். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த காட்சி இது.

மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் போன்ற செல்லின் மிகச் சிறிய உள்ளுறுப்புகள் எல்லாம் இந்த ஸ்லைடில் தெரியாது. தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகமும் இருக்காது, மண்ணுக்குள் விளைகிற இதழ் அல்லவா? அதற்கு ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை வையுங்கள்.

படி 5: கடைசியாக, தயிர்த் தண்ணீரில் ஒரு சொட்டை அதே 400-ல் பாருங்கள். கொழுப்புத் துளிகளுக்கு நடுவே பொடிப்பொடியாகத் தெரியும் பாக்டீரியாவுக்கு உட்கருவே கிடையாது. வெங்காய செல்லின் உட்கரு மட்டுமே அந்த முழு பாக்டீரியத்தைவிடப் பெரியது.