காலழுத்தத்துக்கு அசையாத குதிரை

ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து, கயிற்றைப் பிடித்து நடத்துபவரின் பின்னாலேயே சென்று பழகிய பெண்குதிரை ஒன்றை வாங்கினேன். ஏறியவர்களெல்லாம் விலாவில் உதைத்து உதைத்து, காலின் தொடுகை அதற்குப் பொருளற்றதாகிவிட்டிருந்தது. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் விலங்குக்கு உணர்ச்சி மரத்துவிட்டது என்பதை நான் நம்பவில்லை. சேணமும் வயிற்றுவாரும் உறுத்தவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு, கடிவாள வாரைத் தளர்த்தி, கெண்டைக்காலால் மெல்ல அழுத்தி, அசையாவிட்டால் அழுத்தத்தைக் கூட்டாமல் காலுக்குச் சற்றுப் பின்னே சாட்டைக்குச்சியால் இலேசாகத் தட்டி, அது ஓரடி எடுத்துவைத்த கணத்திலேயே காலைத் தளர்த்தினேன். அழுத்தம் விலகுவதைத்தான் குதிரை விடையாக எடுத்துக்கொள்கிறது. சில நொடிகள் தாமதித்தாலும் எதற்காக விலகியது என்பது அதற்குப் புரிவதில்லை. இப்போது வயிற்றுவாருக்குப் பின்னால் ஒரு காலை மட்டும் வைத்தால், பின்புறத்தை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. இடப்பக்கம் மட்டும் இன்னும் சற்று மந்தம்.