கப்பலேறும் சீனியர்களே, அந்த ‘இல்லை’யை டிக் செய்யாதீர்கள்

போன வாரம் காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் போனை நீட்டினார். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பல், கணவன் மனைவி இரண்டு பேருக்கும் டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று, “ரொம்ப சீப்பா முடிச்சுட்டான் பையன்” என்று பெருமை வேறு. பாலிசியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்: இல்லை’. அவருடைய சட்டைப் பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டு வருடம் முன்னால் நானும் இதையேதான் செய்தேன். பாஸ்போர்ட் எண்ணைத் தப்பாக அடிப்பது, தேதி மாறிப்போவது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

அந்த ‘இல்லை’

எனக்கு அப்போது 66 வயது. ஏஜென்ட் போனில் கேட்டுக் கேட்டு ஃபார்ம் நிரப்பினார். “சுகர் கன்ட்ரோல்லதானே சார் இருக்கு? இல்லைன்னே போட்டுடறேன், இல்லாட்டி பிரீமியம் ஏறிடும்.” சரி என்றேன்.

மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சில் அழுத்தம், வியர்வை. கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்த மெடிக்கல் சென்டருக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் முதலில் கேட்டதே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான். உயிர் பயத்தில் யார் பொய் சொல்வார்கள்? என் மனைவி மாத்திரைப் பையை அப்படியே மேஜையில் கொட்டினாள். சுகர் 12 வருடம், பிரஷர் 9 வருடம் என்று அவர் நிதானமாக எழுதிக்கொண்டார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, விடியும்வரை கண்காணிப்பு, கடைசியில் வாயுதான் என்று அனுப்பிவிட்டார்கள். பில் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்.

ஊர் திரும்பி க்ளெய்ம் போட்டேன். டாக்டர் எழுதிய தாளையும் என் ஃபார்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உண்மையை மறைத்திருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வாயுவுக்கும் சுகருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஆறு மாதம் மெயில் எழுதினேன், பைசா வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது, கம்பெனி மேல்கூட இல்லை, சரி என்று சொன்ன என் வாய் மேல்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். 2009-ல் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே மாரடைப்பு வந்த ஒருவருக்கு இப்படித்தான் கம்பெனி க்ளெய்மை மறுத்தது, 2021 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பன்னிரண்டு வருடம்! அதிலும் அவருக்குக் கைகொடுத்தது, சுகர் இருப்பது பாலிசி எடுக்கும்போதே கம்பெனிக்குத் தெரிந்திருந்ததுதான்.

சொல்லிவிட்டால் மட்டும் ஆயிற்றா? அதுவும் இல்லை. நம் ஊர் சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில், பழைய நோயால் வரும் செலவுக்கு உயிர் போகிற அவசரம் என்றால்தான் பணம், அதற்கும் ஒரு உச்சவரம்பு. பழைய நோய்க்குத் தனி கவர் உண்டா என்று கேளுங்கள். பிரீமியம் ஏறும், ஏறட்டும். பாலிசி எடுத்த பிறகு டாக்டர் புது மாத்திரை சேர்த்தால் அதையும் மெயிலில் தெரிவித்துவிடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

கேஷ்லெஸ் என்று நம்புவது

இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகப் பில்லைக் கட்டிவிடும் என்று கப்பலில் எதிர்பார்க்காதீர்கள். வைத்தியச் செலவு உங்கள் கேபின் கணக்கில், நீங்கள் குடித்த காபிக்குப் பக்கத்திலேயே ஏறும். முதலில் கட்டுவது நீங்கள், க்ளெய்ம் பிறகு. கார்டில் லிமிட் இருக்கட்டும், எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில்லும் டாக்டர் குறிப்பும் கையில் வராமல் இறங்காதீர்கள்.

முதல் பக்கத்து லட்சத்தில் மயங்குவது

ஒரு லட்சம் டாலர் கவர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 60-ஐத் தாண்டியவர்களுக்குப் பல திட்டங்களில் அறை வாடகை, ஐசியூ, சர்ஜன் ஃபீஸ் ஒவ்வொன்றுக்கும் சப்-லிமிட், அதாவது தனித்தனி உச்சவரம்பு, உள்ளே ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம், நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவு. கப்பலில் பெரிய ஆபரேஷன் எல்லாம் கிடையாது. ஓரளவு தேற்றி அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அதுவரை தாங்காது என்றால் ஹெலிகாப்டர். அது பல்லாயிரம் டாலர் சமாச்சாரம். அந்தச் செலவு மொத்தத் தொகைக்குள் வருகிறதா, தனியா என்று பாருங்கள்.

தப்பான நாட்டுப் பட்டியல்

அலாஸ்கா கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவரிலோ சியாட்டிலிலோ கிளம்பும். ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்ற மலிவுத் திட்டத்தோடு அங்கே போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கப்பல் நிற்கும் ஊர்கள் அத்தனையும் பாலிசியில் அடங்க வேண்டும்.

கப்பல் கிளம்பும் நாளிலேயே விமானம்

வேண்டாம். முந்தின நாளே போய்விடுங்கள்.

கிரெடிட் கார்டோடு வரும் இலவச இன்சூரன்ஸ்

வயது வரம்பைப் படியுங்கள். அப்புறம் கார்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பருக்குப் பயணம் அடுத்த மாதம்தான், திருத்த நேரம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து பையனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பையன் கேட்ட முதல் கேள்வி: “அப்படிப் போட்டா பிரீமியம் எவ்வளவுப்பா ஏறும்?”