துள்ளும் பெரிய நாய்: அடக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வளவுக்கு நாய் வேண்டும் என்றால் அது பெரிய நாயாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் எண்ணம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இரண்டு பேர், இரவில் கள்ளர் பயம். ஒரு ஜேர்மன் செப்பேர்ட்டோ றொட்வைலரோ வந்து சேர்கிறது. பிள்ளைகளோடு விளையாடினால் போதும் என்பவர்கள் லாப்ரடோர் வாங்குகிறார்கள். மடியில் படுத்திருந்த குட்டி பத்தாம் மாதத்தில் 30 கிலோவுக்குக் கிட்ட வந்து, படலை திறந்தால் ஆளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. "இதுக்குச் சொல்வழி கேட்கத் தெரியாது" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

இந்த இனங்கள் எதற்காக வளர்க்கப்பட்டவை என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். செப்பேர்ட் 1899இல் ஜேர்மனியில் ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து தனி இனமாக வளர்த்தெடுக்கப்பட்டது. றொட்வைலரின் முன்னோர் மாடு சாய்த்துக்கொண்டு போனவை. லாப்ரடோர், சுட்டு விழுத்திய பறவையை நசுக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவந்து கொடுக்கும் நாய். ஆகவே லாப்ரடோர் குட்டி கண்டதையெல்லாம் கவ்வுவதும், செப்பேர்ட் சைக்கிளைத் துரத்துவதும் குணக்கேடு அல்ல. நாம் ஒரு வேலையும் கொடுக்காததால் தனக்குத் தெரிந்த வேலையை அது தானே தேடிக்கொள்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று, அமைதியாக இருப்பதும் பழக்கிக் கொடுக்க வேண்டிய பாடம். பெரும்பாலான வீடுகளில் நாம் நாள் முழுக்கத் துள்ளலைப் பழக்கிவிட்டு, அமைதி தானாக வரும் என்று காத்திருக்கிறோம்.

பகல் முழுக்கச் சங்கிலி

நம் ஊர்களில் மிகப் பரவலான தவறு இது. பகலில் கட்டிப்போட்டால்தான் இரவில் காவல் காக்கும் என்று சொல்லி, விடியக் கட்டிய நாயை இரவு பத்து மணிக்கு அவிழ்ப்பது. கட்டும் இடமும் பெரும்பாலும் படலைக்குப் பக்கம். அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் போகிறார், ரியூசனுக்குப் பிள்ளைகள் போகிறார்கள், கட்டாக்காலி நாய்கள் படலைக்கு அடியால் மூக்கை விட்டு மணக்கின்றன. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆவலைச் சங்கிலி இழுத்து நிறுத்துகிறது. ஆவல் நாளடைவில் எரிச்சலாக மாறும். நாய் குரைக்கிறது, மீன்காரர் போய்விடுகிறார். அவர் தன் பாட்டில் போனவர்தான். நாய்க்கோ தான் குரைத்துத்தான் அவர் போனார் என்று படுகிறது. ஒவ்வொரு நாளும் இந்த வெற்றி திரும்பத் திரும்பக் கிடைத்தால் குரைப்பை அது ஏன் விடப்போகிறது? மதிலுக்கு மேலால் கல்லெறியும் பொடியன்களும் இருந்துவிட்டால், சைக்கிள் மணி கேட்டாலே பாயும் ஒரு நாயை நாமே உருவாக்கிவிடுகிறோம்.

முழு நேரமும் அவிழ்த்துவிட முடியாத வீடுகள் உண்டு. மதில் உயரம் போதாது, பக்கத்து வளவில் கோழிகள், வீட்டில் தவழும் குழந்தை. சரி, அப்படியானால் கட்டும் இடத்தையாவது மாற்றுங்கள். வீட்டின் பின்பக்கம், மாமர நிழல், ஒழுங்கை தெரியாத இடம், எட்டும் தூரத்தில் தண்ணீர். வசதி இருந்தால் சங்கிலிக்குப் பதிலாகக் கம்பி வலை அடித்த, நடந்து திரியக்கூடிய கூடு நல்லது. காலையும் பின்னேரமும் அவிழ்த்துவிட்டு ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அவிழ்க்கும் விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் கிட்டப் போகும்போதே நாய் துள்ளும். அந்தத் துள்ளலுக்கு நடுவே கொளுக்கியைக் கழற்றினால், துள்ளினால்தான் விடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். எட்ட நில்லுங்கள். நான்கு காலும் நிலத்தில் பட்டதும் ஓரடி கிட்டப் போங்கள். திரும்பத் துள்ளினால் நீங்களும் பின்னுக்கு வாருங்கள். முதலில் நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். ஆனால் கத்தாமல் அடிக்காமல் ஒரு பெரிய நாய்க்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காவல் குணம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டாரோடு ஒட்டி வளர்ந்த நாய் இரவில் அந்நிய ஆள் வந்தால் குரைக்கத்தான் செய்யும். போகிற வருகிற எல்லாருக்கும் குரைக்கும் நாயின் சத்தத்தைத்தான் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கள்ளன் வந்தாலும் அதே சத்தம்தானே.

ஓடவைத்துக் களைக்கப்பண்ணுவது

நாய்க்குச் சக்தி கூடிவிட்டது, ஓடவிட்டால் அடங்கும் என்று மோட்டார் சைக்கிளோடு சேர்த்து ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். அடங்காது. ஓட ஓட அதன் உடம்பு தேறுகிறது. இரண்டு கிலோமீற்றரில் களைத்த நாய் கொஞ்ச நாளில் ஐந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்தும் துள்ளும். அதோடு பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடிய ஒரு வயது, ஒன்றரை வயது ஆகும். அதற்கு முன் தார் றோட்டில் தொடர்ந்து ஓடவைப்பது மூட்டுகளைக் கெடுக்கும். நான் மேலே சொன்ன மூன்று இனங்களுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரக்கூடியது என்பதால் இதில் விளையாடக்கூடாது.

வெயில் இன்னும் மோசம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும், 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் நடத்திக் கொண்டுவந்துவிடுங்கள். பின்னேரம் என்றால் புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். ஏழு வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. இரைப்பு நிற்காமல், எச்சில் கட்டியாக வடிந்து, கால் தள்ளாடினால் நிழலில் கிடத்தி உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கால்களைவிட மூக்குக்கு வேலை கொடுப்பதுதான் வழி. சாப்பாட்டில் ஒரு பங்கைச் சட்டியில் போடாமல் முற்றத்தில், வாழையடியில், செவ்வரத்தைக்குக் கீழே ஒளித்துவையுங்கள். மணந்து தேடித் தின்ற நாய் தானாகப் போய்ப் படுப்பதைப் பார்ப்பீர்கள். ஒழுங்கையில் நடக்கும்போதும் இழுத்துக்கொண்டு போகாமல் வேலிக்கு வேலி நின்று மணக்கவிடுங்கள். கடிக்கவும் ஏதாவது வேண்டும்தான். ஆனால் ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பெரிய மாட்டெலும்பு போன்றவை பல்லை உடைக்கும். அவித்த கோழி எலும்பு பிளந்து குடலில் குத்தும்.

அப்புறம் நித்திரை. குட்டிக்கு நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை தூக்கம் வேண்டும், வளர்ந்த நாயே பாதி நாளைத் தூங்கிக் கழிக்கும். பொழுதுபடுகிற நேரம் சாறத்தைக் கடித்து இழுத்துக்கொண்டு விசர் பிடித்ததுபோல் ஓடும் இளநாய்க்குப் பெரும்பாலும் தூக்கம்தான் போதவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளைகள் பந்தெறிந்துகொண்டே இருந்திருப்பார்கள். அந்த நேரம் இன்னொரு பந்து எறியாமல் சத்தமில்லாத ஒரு மூலைக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

பாயும் நாய்க்கு ஆளுக்கொரு சட்டம்

தம்பி வேலையால் வந்ததும் நெஞ்சில் பாயவிட்டுக் கொஞ்சுகிறான். அம்மா சேலை கிழியும் என்று தள்ளிவிடுகிறார். அப்பா முழங்காலால் இடித்துக் கத்துகிறார். நாய்க்கு மூன்றிலும் கிடைப்பது ஒன்றுதான்: பாய்ந்தால் மனிதர் தொடுகிறார், பேசுகிறார். தள்ளுவதை அது விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அம்மம்மாவின் மேல் 30 கிலோ பாய்ந்தால் இடுப்பெலும்பு முறியும். அதனால் இதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும். பாய்ந்தால் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்புங்கள், ஒரு சொல்லும் வேண்டாம். கால்கள் நிலத்தில் பட்ட அந்தக் கணமே குனிந்து மெதுவாகத் தடவுங்கள்.

சில நாட்களில் பாய்ச்சல் குறையாமல் கூடும். இதுவரை வேலைசெய்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். இந்த நேரம் ஒருவர் விட்டுக்கொடுத்தாலும், பலமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்று அது முடிவுசெய்துவிடும். கனடாவிலிருந்து வரும் மாமா "பரவாயில்லை, பாயட்டும்" என்பார். அவர் உள்ளே வருமுன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், அது ஆறிய பிறகு தடவட்டும்.

இதைவிடப் பெரிய கவனக்குறைவு ஒன்று உண்டு. விறாந்தையில் பேசாமல் படுத்திருக்கும் நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குழப்படி செய்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். ஒரு சாக்கை விரித்து வையுங்கள். நாய் தானாக அதில் படுக்கும் ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் ஒரு துண்டு தின்னக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவித்த கோழி ஈரல், முள்ளெடுத்த மீன், வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கரட் துண்டு. கடலை அளவு போதும், அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள். வெங்காயம் சேர்ந்த கறி மட்டும் வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தின்னக் கொடுத்துப் பழக்கினால் நாய் கெட்டுப்போகும் என்பவர்கள் இதை ஒரு மாதம் செய்துபார்க்கட்டும்.

பூவரசங்கம்பு

செருப்பைக் கடித்து அரை மணி நேரம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது. தலையைக் குனிந்து வாலை ஒடுக்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல, உங்கள் குரலுக்குப் பயந்து நிற்பது. உறுமியதற்காக அடிப்பது இன்னும் ஆபத்து. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், நாளைக்கு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும் நாய்தான் மிஞ்சும். சட்டியில் தின்னும்போது உறுமினால் பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, எட்ட நின்று இன்னும் ருசியான ஒன்றைச் சட்டிக்குள் எறிந்து பழக்குங்கள். கடித்தே விட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி இலங்கையில் சட்டப்படி கட்டாயம், அதைத் தவறவிடவே கூடாது.

கூப்பிட்டால் வராத நாய்களுக்கும் காரணம் உண்டு. "இஞ்ச வா" என்று கூப்பிடுவதே கட்டுவதற்கும் குளிப்பாட்டுவதற்கும் என்றால் அது ஏன் வரும்? கூப்பிட்டு, தடவி, ஒரு துண்டு கொடுத்து, திரும்ப விளையாட விடுங்கள். கட்ட வேண்டிய நேரம் கூப்பிடாமல் நீங்களே கிட்டப் போங்கள். நடத்திக்கொண்டு போகும்போது இழுத்தால் அசையாமல் நில்லுங்கள், கயிறு தளர்ந்ததும் நடவுங்கள். முதலில் முற்றத்தில், பிறகு ஒழுங்கையில், கடைசியாகத்தான் சந்தியடிக்கு.

எட்டு, ஒன்பது மாதம்

நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய் பருவ வயதில் எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கும். பெரிய இனங்களுக்கு முழுதாகப் புத்தி நிதானப்பட இரண்டு வயது வரை எடுக்கலாம். குட்டிக்குச் சொன்ன பாடத்தையே திரும்பச் சொல்லுங்கள். திடீரென்று குணம் மாறினால் முதலில் உண்ணி, காதுப்புண், வயிற்றுக்கோளாறு இருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். கருத்தடை செய்தால் துணை தேடி அலைவது குறையும், பாய்வதும் இழுப்பதும் அதனால் மட்டும் நிற்காது.

இந்த வயதில்தான் பலர் வெறுத்துப்போய் நாயை இரவோடு இரவாகச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வளவுக்குள் வளர்ந்த செப்பேர்ட்டுக்குக் கட்டாக்காலி நாய்களோடு போட்டிபோட்டுத் தின்னத் தெரியாது, றோட்டைக் கடக்கவும் தெரியாது. உண்மையிலேயே வைத்திருக்க முடியாவிட்டால் இடமும் நேரமும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். கொடுக்குமுன் இரண்டு மூன்று தடவை நாயை அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குங்கள். ஊசி அட்டை, அது படுக்கும் சாக்கு, எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும் என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.