ஆர்வி கழிவறைத் தொட்டி: வால்வை மூடியே வையுங்கள்

ஆர்வி எனப்படும், படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ள வண்டியையே வீடாக்கி ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் சிலர், முகாமில் கழிவுநீர் இணைப்பு கிடைத்ததும் கழிவறைத் தொட்டி, குளித்த மற்றும் பாத்திரம் கழுவிய நீர் சேரும் தொட்டி ஆகிய இரண்டின் வால்வுகளையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். கழிவறைத் தொட்டியின் வால்வை அப்படித் திறந்து வைக்கவே கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய்விடும். திடக்கழிவு அடியில் கூம்பாகக் குவிந்து இறுகிவிடும். அதைக் கரைத்தெடுப்பது பெரும்பாடு.

தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பட்டும். பிறகு முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்துவிடுங்கள். அது முழுக்கக் காலியானதும் குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கான தொட்டி. சோப்பு கலந்த அந்த நீரே குழாயை அலசிவிடும். வால்வுகளை மூடிய கையோடு கழிவறைத் தொட்டிக்குள் சில லிட்டர் தண்ணீர் ஊற்றி வைத்தால் அடியில் கழிவு ஒட்டாது.

பிள்ளைகளிடம் ஃபிளஷ் செய்யும்போது தண்ணீரைத் தாராளமாக விடச் சொல்லுங்கள். வெட் வைப்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், உறையில் 'ஃபிளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் சரி.

கையுறை கட்டாயம். இன்னொன்று: கழிவுக் குழாயைக் கழுவும் ஹோஸ் வேறு, குடிநீர் ஹோஸ் வேறு. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள், வேறு வேறு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது.