அரிவாள் செல் சோகை: ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கணினியில் ஆராய்வது எப்படி?

மாறிய அமினோ அமில வரிசையை ஆல்ஃபாஃபோல்டில் (புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) கொடுத்துப் பார்ப்பதுதான் பலரும் எடுக்கும் முதல் அடி. அரிவாள் செல் சோகையில் அது கைகொடுக்காது. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான பீட்டா குளோபினில், குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் வாலின் என்ற இன்னொன்று வந்தாலும் சங்கிலி மடியும் விதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கோளாறு, பக்கத்து ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. நிலைப்புத்தன்மையைக் கணக்கிடும் மென்பொருள்களும் இதே காரணத்தால் "பெரிய பாதிப்பில்லை" என்று சொல்லிவிடக்கூடும்.

சாதாரண மடிக்கணினியும், மூலக்கூறு அமைப்புகளை முப்பரிமாணத்தில் காட்டும் கைமேராஎக்ஸ் மென்பொருளும் போதும். புரத அமைப்புகளின் பொதுத் தரவுத்தளமான புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து 2எச்பிஎஸ் (2HBS, அரிவாள் ஹீமோகுளோபின்), 2டிஎன்2 (2DN2, இயல்பானது) ஆகிய இரண்டு கோப்புகளையும் திறக்கவும். இரண்டுமே ஆக்சிஜன் இல்லாத நிலையில் எடுக்கப்பட்டவை. ஆக்சிஜன் ஏறிய அமைப்பை எடுத்தால் வாலின் நுழையும் குழி சரியாக அமைந்திருக்காது. சிவப்பணு ஆக்சிஜனை இறக்கிய பிறகு வளைவதும் இதனால்தான்.

அடுத்தது எண் குழப்பம். அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். மரபணுத் தரவுத்தளங்கள் சங்கிலியின் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினையும் எண்ணுவதால் அங்கே இது 7ஆம் இடம். இந்தக் கோப்புகளில் 6ஆம் இடம். அமினோ அமிலத்தின் எழுத்தைச் சரிபார்க்காமல் எண்ணை மட்டும் நம்பினால், பக்கத்தில் இருக்கும் இன்னொரு குளூட்டமிக் அமிலத்தை ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள்.

2எச்பிஎஸ்ஸில் பி, டி, எஃப், எச் ஆகியவை பீட்டா சங்கிலிகள். நான்கிலும் 6ஆம் வாலினைத் தேர்ந்தெடுத்து, 'கான்டாக்ட்ஸ்' கருவியில் 4.5 ஆங்ஸ்ட்ராம் (அணு அளவிலான நீள அலகு) தூரம் கொடுத்து, வேறு மூலக்கூறின் அணுக்களை மட்டும் தேடவும். பக்கத்து ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள ஃபினைல்அலனின் 85, லியூசின் 88 வந்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் உள்ள இரண்டு வாலின்களில் ஒன்றுதான் இப்படி ஒட்டும். மற்றது வெறுமையாக இருப்பது பிழை அல்ல. ஒன்றுமே அகப்படவில்லை என்றால், படிகத்தில் அண்டையில் இருக்கும் மூலக்கூறுகளையும் உருவாக்கி மீண்டும் தேடவும்.

பிறகு 2டிஎன்2ஐ அதன்மேல் பொருத்துங்கள். எதிர்மின்சுமை கொண்ட குளூட்டமிக் அமிலம் அந்த நீர்வெறுக்கும் குழிக்குள் போய் உட்கார விரும்பாதது கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக, குழியின் ஓரத்தில் இருக்கும் திரியோனின் 87ஐ அமினோ அமிலத்தை மாற்றிப் பார்க்க உதவும் 'ரோட்டமர்ஸ்' கருவியால் குளூட்டமினாக மாற்றிப் பாருங்கள். நீண்ட பக்கச்சங்கிலி ஒட்டுதலுக்குக் குறுக்கே நிற்கும். கருவிலுள்ள குழந்தையின் காமா குளோபினில் இயற்கையாகவே இருப்பது இந்தக் குளூட்டமின்தான். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சைகளில் ஒன்று, இதே மாற்றம் கொண்ட பீட்டா குளோபினைத்தான் நோயாளியின் செல்களுக்குள் செலுத்துகிறது.