பரணில் கிடைத்த கம்பெனிப் படத்தை ஆராய்வதும் காப்பதும்

சித்தூர், நகரி, புத்தூர், பலமநேர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது, பரணிலோ பத்திரப் பெட்டியிலோ ஒரு சிறிய வண்ணப்படம் கிடைப்பதுண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்பார்கள். கையில் தொழிற்கருவி இருக்கும். பின்னணியில் வெளிறிய வானம் தவிர வேறொன்றும் இராது. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம் ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்த இவ்வகைப் படங்களையே கம்பெனி ஓவியம் என்கிறோம். அத்தகைய படம் கிடைத்தால் அதை எவ்வாறு ஆராய்வது, எவ்வாறு காப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில், துடைக்காதீர்கள். இப்படங்களின் வண்ணம் பெரும்பாலும் தாவரப் பசையில் குழைத்தது. ஈரத்துணி பட்டால் கரைந்துவிடும். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, படத்தின் அடியில் தடித்த, சுத்தமான அட்டையைச் செருகி, அட்டையோடு சேர்த்தே தூக்க வேண்டும். நேர் வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரம் பார்வையிடுவதற்கு ஏற்ற இடம்.

அடுத்து, எதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய தகடாக இருந்தால் அது அப்பிரகம், அதாவது காக்காப்பொன். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா ஆகிய ஊர்களிலும் அப்பிரகப் படங்கள் தொகுதி தொகுதியாக எழுதப்பட்டு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. அப்பிரகம் இயல்பிலேயே ஏடு ஏடாகப் பிரியக்கூடியது. வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்வதும் இல்லை. ஆகவே ஓரம் சிறிது வளைந்தாலும் வண்ணம் செதிலாக உதிரும். அதை ஒருபோதும் செங்குத்தாக நிறுத்தவோ தட்டவோ கூடாது.

காகிதமாக இருந்தால், ஓரம் சிதையாத நிலையில் மட்டும், மெல்லத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் வாட்மேன் காகிதத்தை ஓவியர்களுக்கு ஆங்கிலேயர் பரவலாக வாங்கிக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் காகிதத்துக்குள் தெரியும் அதன் நீர்க்குறியில் பெயரும் பல நேரங்களில் ஆண்டும் இருக்கும். நீர்க்குறியில் 1827 என்றிருந்தால், படம் 1827க்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே உறுதி. அதே ஆண்டில் எழுதியது என்று கொள்ளலாகாது. பழைய முத்திரைத்தாளில் புதிய படம் எழுதி விற்பவர்களும் இன்று உண்டாதலால், காகிதத்தின் வயதைப் படத்தின் வயதாகக் கொள்வது ஏமாற்றத்துக்கே வழிவகுக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் முகத்தையும் துணியின் மடிப்பையும் பார்த்தால், கையால் எழுதிய படத்தில் தூரிகைக் கோடு தொடர்ச்சியாக ஓடும். சிறு சிறு வண்ணப் புள்ளிகள் ஒழுங்காகத் தெரிந்தால் அது அச்சுப் படம்.

இனித்தான் முக்கியமான வேலை. படத்தின் அடியில் உள்ள ஆங்கில வரியைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, படத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன். அந்த வரி படத்தை வாங்கியவருக்காக எழுதப்பட்டது. நிற்கின்ற மனிதரின் பெயரைச் சொல்லாமல் சாதியையோ தொழிலையோ மட்டும் சொல்லி, ஒரு மனிதரை ஒரு வகையின் மாதிரியாக மாற்றிவிடுவது அதன் இயல்பு. ஓவியரின் கண்ணோ கருவியின் பிடி, புடவைக் கட்டு, தலைப்பாகையின் சுற்று, காதணியின் கனம் ஆகியவற்றில் நின்றிருக்கிறது. ராட்டை சுற்றும் பெண்ணின் படமானால், அதைக் கைபேசியில் எடுத்து நகரியிலோ புத்தூரிலோ கைத்தறி அறிந்த முதியவரிடம் காட்டிக் கேளுங்கள்: நூல் எந்தக் கையில் இருக்கிறது, ராட்டையின் அமைப்பு சரியா, இவ்வாறு உட்கார்ந்து சுற்ற முடியுமா? ஓவியர் நேரில் கண்டு எழுதினாரா, முன்பிருந்த மாதிரியைப் பார்த்துப் படியெடுத்தாரா என்பதை எந்தப் பட்டியலையும்விட அந்த முதியவரால் தெளிவாகச் சொல்ல முடியும். ஒரே உரு பல தொகுதிகளில் திரும்பத் திரும்ப வருவது இக்கலையில் வழக்கம் என்பதால் இந்தக் கேள்வி தேவைப்படுகிறது. இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் நூலகமும் தங்களிடமுள்ள இத்தகைய படங்கள் பலவற்றை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் படத்தின் உடன்பிறப்பு கிடைக்கக்கூடும்.

அதன்பின் எழுத்துக்கு வாருங்கள். முன்புறம், பின்புறம், ஓரம் என எங்கே எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும், திருத்தாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழோ தெலுங்கோ இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே படியுங்கள். அவை ஒன்றையே சொல்கின்றன என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். தஞ்சையில் இக்கலையில் சிறந்திருந்த ஓவியக் குடும்பங்கள் தெலுங்கு பேசியவை. ஆகவே இரு மொழியும் அறிந்த எல்லையோர மக்களுக்கு இந்தப் படிப்பில் தனி உரிமையே உண்டு. ‘வட ஆற்காடு’ என்று கண்டால் வேலூரை மட்டும் நினைக்க வேண்டாம். 1911 வரை அம்மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர்தான்.

ஓவியரின் பெயர் எங்கேனும் இருக்கிறதா என்று விடாமல் தேடுங்கள். பெரும்பாலும் இராது. ஆனால் அறவே இல்லை என்று நினைத்துத் தேடாமல் விட்டால் அந்த ஓவியருக்குச் செய்யும் அநீதியாகிவிடும். 1830களில் வேலூரில் இருந்த எல்லப்பா, தாம் அமர்ந்து படம் எழுதுவதையே ஒரு படமாக எழுதியிருக்கிறார். தாவரவியலாளர் இராபர்ட் வைட்டுக்காகச் செடிகளை எழுதிய ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களும் இன்று நமக்குத் தெரியும். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். இத்தனைக்கும் அந்த நூற்றாண்டின் ஆயிரக்கணக்கான படங்களில் பெயரோடு நிற்பவர்கள் மிகச் சிலரே.

காப்பது எளிது. அமிலம் கலவாத காகிதத்தில் இடையிட்டு, தட்டையான பெட்டியில் படுக்கவைத்து, சமையலறைச் சுவரையும் ஈரச் சுவரையும் தவிர்த்து வையுங்கள். பசைநாடா, லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. சட்டமிட்டு மாட்ட விரும்பினால், நல்ல ஒளிநகல் எடுத்து அதை மாட்டலாம். இராமபாணப் பூச்சியும் கரையானும் வருகின்றனவா என்று மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட ஓவியம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்று யாரேனும் வந்து கேட்டால், முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். விற்பதோ கொடையாக அளிப்பதோ எதுவானாலும், படத்தின் இரு பக்க நிழற்படங்கள், அளவு, எழுத்துப் படி, எந்த வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்ற குறிப்பு ஆகியவற்றைத் தனியே எழுதிப் படத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.