கிரவுண்ட் காலில் மட்டும் ஈயம் பிடிக்காத கதை

60/40 ஈயக்கம்பி (60% வெள்ளீயம், 40% காரீயம்), டிகிரி மாற்றக்கூடிய சால்டரிங் ஸ்டேஷன், ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு. 320 டிகிரியில் எல்லாக் கால்களிலும் ஈயம் பளபளவென்று ஓடியது. கிரவுண்ட் கால்களில் (சர்க்யூட்டின் பொது இணைப்போடு சேரும் கால்கள்) மட்டும் உருண்டை கட்டி மங்கலாக நின்றது. ஊசியால் நெம்பினால் கழன்று வந்தது.

380 வைத்தேன், பிறகு 420. ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் வேலை செய்வதற்குள் புகையாகிப் போனது. பிட் (சூடாகும் முனை) கறுத்து, அதில் ஈயமே ஒட்டவில்லை. ஒரு பேட் (காலைப் பற்றவைக்கும் சிறு செம்புத் தகடு) போர்டிலிருந்து பெயர்ந்து வந்தது. புது ஈயக்கம்பி, கூடுதல் ஃப்ளக்ஸ் எதுவும் உதவவில்லை.

இத்தனைக்கும் இந்த ஈயம் 183-இல் இளக ஆரம்பித்து 190 வாக்கில் முழுதாக உருகிவிடும். 320 தாராளம். போர்டை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது: வழக்கமாக கிரவுண்ட் பேடைச் சுற்றி மெல்லிய செம்புப் பாலங்கள் நான்கு இருக்கும். இதில் பேட் நேராகப் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருந்தது. கொடுக்கிற சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொண்டது. கூர்முனை பிட் தொடுவதோ ஒரே புள்ளி.

2.4 மி.மீ. உளி வடிவ பிட் மாற்றினேன். 340 வைத்து, முனையில் துளி ஈயம் தடவி, தட்டைப் பக்கம் பேடையும் காலையும் சேர்த்துத் தொடும்படி பிடித்தேன். மூன்றே நொடியில் ஈயம் மறுபக்கம் வரை இறங்கியது. அப்பாடா!

மற்ற கால்களுக்கு இதே பிட்டில் 320 போதும். பெயர்ந்த பேடுக்கு மட்டும், அறுந்த இணைப்பை ஈடுகட்ட ஒரு ஜம்பர் ஒயர்.